பைனல் ஃபேண்டசி: 7 பெரிதா, 9 பெரிதா? பேச்சு 6-இல் போய் நின்ற கதை

12 மார்ச் 2024

பைனல் ஃபேண்டசி என்பது எண் போட்டு வரும் ஜப்பானிய வீடியோ கேம் தொடர். அதைப் பற்றி ஈப்போவிலிருந்து ஒரு தம்பி கேட்டது: "அக்கா மகனுக்குப் பதின்மூன்று வயது. ஸ்விட்ச் விளையாட்டு இயந்திரம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். பைனல் ஃபேண்டசி ஆடவேண்டும் என்கிறான். எதிலிருந்து தொடங்கச் சொல்வது? என்னைக் கேட்டால் 7தான். 9 சின்னப்பிள்ளை விளையாட்டு. 10-க்குப் பிறகு தொடரே முடிந்துவிட்டது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்."

12 மார்ச், இரவு 11.40

மறுக்கிறேன், தம்பி. 9 சின்னப்பிள்ளை விளையாட்டு இல்லை. தலை பெரிதாக, கை கால் குட்டையாக வரைந்திருப்பதால் அப்படித் தோன்றுகிறது. 7-உம் 8-உம் துப்பாக்கி, மோட்டார், எதிர்கால நகரம் என்று போய்விட்டன. அதனால் 2000 ஜூலையில் வந்த 9-ஐ வேண்டுமென்றே கோட்டை, கூர்த்தொப்பி மந்திரவாதி, படிகம் என்று 1987-இன் முதல் பாகத்தின் பக்கம் திருப்பினார்கள். தொடரைத் தொடங்கி வைத்த சகாகுச்சியே தன் மனத்துக்கு நெருக்கமானது 9 என்று சொல்லியிருக்கிறார்.

9-இல் வரும் குட்டி மந்திரவாதி விவியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதையின் அலெக்சாண்ட்ரியா நகரத்துக்கு நாடகம் பார்க்கத் தனியாக வருகிறான். கையில் டிக்கெட்டைப் பத்திரமாகப் பிடித்திருக்கிறான். கூண்டில் நீட்டினால் அது போலி டிக்கெட். பிறகு ஓர் எலிப்பையன் கூப்பிட, ஏணி தூக்கிக்கொண்டு கூரை மேல் ஏறிப்போய்த் திருட்டுத்தனமாக நாடகம் பார்க்கிறான். இதுவரை குழந்தைக் கதைதான். அடுத்து டாலி என்ற கிராமத்தின் அடியில் ஒரு தொழிற்கூடம். அங்கே அவனைப் போலவே தொப்பி, அவனைப் போலவே மஞ்சள் கண், பீப்பாயில் அடைத்து வரிசையாக ஏற்றுகிறார்கள். போருக்குச் செய்த பொம்மைகள். அவனும் அந்த இனம்தான் என்று மெல்லப் புரிகிறது. காட்டுக்குள் தப்பி வாழும் கருப்பு மந்திரவாதிகளின் கிராமத்துக்குப் போனால், 288 என்ற எண்ணையே பெயராகக் கொண்ட ஒருவர் சொல்கிறார்: செய்து முடித்து ஒரு வருடம் ஆனதும் நம்மில் பலர் நின்றுவிடுகிறார்கள். அவர் 'இறப்பு' என்று சொல்வதில்லை, 'நிற்பது' என்கிறார். நின்றவர்களை ஏன் மண்ணில் புதைக்கிறோம் என்றுகூடத் தெரியாமல் புதைக்கிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டுச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

13 மார்ச், காலை

ராத்திரி கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். 7-ஐக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

சுங்கை சிப்புட் டவுனில் ஒரு மாடிக்கடை. நான்கு டிவி, நான்கு பிளேஸ்டேஷன், ஒரு மணி நேரத்துக்கு 2 வெள்ளி (ரிங்கிட்). சனிக்கிழமை அப்பா லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மோட்டாரில் இறக்கிவிட்டுப் போவார். வெயில் ஏறினால் இயந்திரம் வட்டைப் படிக்காது. கடை அண்ணன் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார், படிக்கும். இப்போது டிவி ரிப்பேர் செய்யும் எனக்குக் காரணம் தெரிகிறது. முதலில் வந்த பிளேஸ்டேஷனில் லென்ஸ் ஓடும் பகுதி பிளாஸ்டிக். சூட்டில் தேய்ந்து லென்ஸ் சாய்ந்துவிடும், கவிழ்த்தால் மறுபடி நேராகும். அன்றைக்கு அது எங்களுக்கு மந்திரம்.

நாங்கள் ஐந்து பையன்கள், ஆட்டத்தைச் சேமிக்க ஒரே மெமரி கார்டு. கார்டில் 15 கட்டம், ஆளுக்கு மூன்று. சாம்பல் நிறம். தபால்தலை அளவு காகிதம் ஒட்டி, அதில் ஐந்து பேரின் முதலெழுத்தும் பேனாவில் எழுதியிருந்தது. பெரியம்மா மகன், கிராணி (தோட்டத்து எழுத்தர்) மகன், மூலை வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர், நான். சேமிக்கும்போது யார் கட்டத்தில் யார் எழுதுகிறோம் என்று சத்தம் போட்டுச் சொல்லவேண்டும், அது சட்டம். ஒருமுறை மூலை வீட்டுத் தம்பி என் கட்டத்தின் மேல் எழுதிவிட்டான். முப்பது மணி நேர ஆட்டம் போனது. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவன் தன் மூன்று கட்டத்தில் ஒன்றை எனக்குக் கொடுத்தான்.

7 வந்தது 1997 ஜனவரி 31, ஜப்பானில். மூன்று வட்டு. அதுவரை நிண்டெண்டோவில் இருந்த ஸ்குவேர் நிறுவனம், கார்ட்ரிட்ஜில் அவ்வளவு படக்காட்சி கொள்ளாது என்றுதான் சோனி பக்கம் போனது. முதல் வட்டு முடியும் இடத்தில், கூட வந்த ஏரித் என்ற பெண்ணுக்கு நடப்பதைப் பார்த்துவிட்டு, அந்த மாடிக்கடையில் ஐந்து பேரும் பேச்சு மூச்சு இல்லாமல் நின்றோம். மீதி இருந்த இருபது நிமிடக் காசைக்கூடக் கடை அண்ணனிடம் திருப்பிக் கேட்கவில்லை.

அதனால் 7 பெரிதுதான். நான் சொல்வது 9 சிறிது இல்லை என்பது மட்டும்.

13 மார்ச், மாலை

கிள்ளான் அக்கா ஒருவர் 6-ஐ ஏன் யாரும் பேசவில்லை என்று கேட்டிருக்கிறார். வருகிறேன் அக்கா. அது தனியாக உட்கார்ந்து எழுதவேண்டியது.

15 மார்ச்

எண் குழப்பம் பற்றி இரண்டு பேர் கேட்டதால் முதலில் அது. ஜப்பானில் 1991-இல் வந்த 4-ஐ அமெரிக்காவில் 2 என்று விற்றார்கள். 1994-இல் வந்த 6-ஐ 3 என்று விற்றார்கள். நடுவில் இருந்தவை அப்போது அங்கே போகவே இல்லை. 7 மட்டும் இரண்டு பக்கமும் 7. பழைய அட்டையில் 3 என்று பார்த்துவிட்டு வேறொரு 3-ஐத் தேடினால் கதை பொருந்தாது.

நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், நீ யோசித்தாலும் எதிரி அடிப்பான் என்ற சண்டை முறை 4-இல்தான் தொடங்கியது. 9 வரை அதுதான். 10-இல் அதை எடுத்துவிட்டு, யார் முறை எப்போது என்று ஓரத்தில் வரிசை காட்டினார்கள். எனக்கு 10-இன் சண்டைதான் பிடிக்கும். செஸ் போல நின்று யோசிக்கலாம். 9-இன் சண்டை மெதுவானது. திரை சுழன்று நான்கு பேரும் வரிசையில் நிற்பதற்குள் ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்துவிடலாம். 9-ஐ விரும்புகிறவன் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன்.

16 மார்ச், நள்ளிரவு

இரண்டு நாளாக வேலை நேரத்திலும் இதுவே மண்டைக்குள் ஓடுகிறது. எது சிறந்தது என்று கேட்டால் ஆளாளுக்கு சண்டை, படம், இசை, வில்லன் என்று ஏதாவது ஒரு அளவுகோல் வைத்திருக்கிறோம். என் அளவுகோல் என்னவென்று இன்று பிடிபட்டது.

திரும்பிப் போக ஊர் இருக்கிறதா? போனால் அங்கே இருப்பவர்கள் இப்போது என்ன சொல்கிறார்கள்?

9-இல் லிண்ட்பிளம் நகரத்தை அட்டோமஸ் என்ற அரக்கனை ஏவி உறிஞ்சவிடுகிறார்கள். ஒரு பேட்டையே போய்விடுகிறது. பிறகு நீங்கள் திரும்பிப் போனால் சாரம் கட்டி வேலை நடக்கிறது. கடையில் ஆள் மாறியிருக்கிறார். முன்பு சாதாரணமாகப் பேசியவர் இப்போது வேறு மாதிரிப் பேசுகிறார். எப்போதும் மழை பெய்யும் பர்மேசியா இடிந்து கிடக்கிறது. ஃப்ரேயா தன் ஊரின் தெருவில் அந்த மழைக்குள்ளே நடந்து வருகிறாள். அவள் வருடக்கணக்காகத் தேடிய காதலன் கடைசியில் கிடைத்தும் அவளை நினைவில்லை.

13-இல் ஊரே இல்லை. கடைகூடச் சேமிக்கும் கம்பத்துக்குள் ஒரு பட்டியலாக இருக்கிறது. பத்து அத்தியாயம் முன்னால் மட்டும் ஓடவேண்டும், பதினொன்றாவது அத்தியாயத்தில்தான் வெளி திறக்கிறது. அந்த வெளியிலும் ஆட்கள் இல்லை. சண்டை முறை நன்றாக இருக்கும், படம் 2009-க்கு வாய் பிளக்க வைக்கும். ஆனால் எனக்கு அதில் ஒரு தெருகூட நினைவில் இல்லை.

7-இல் கதை தொடங்கும் மிட்கார் நகரத்தை விட்டு வெளியேறினால் திரும்ப நுழைய முடியாது. இடிந்த ஏழாம் வட்டாரத்தில் தப்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று போய்ப் பார்க்க வழி இல்லை. அதனால் என் கணக்கில் 7 கொஞ்சம் இறங்குகிறது.

17 மார்ச்

திருத்தம். தைப்பிங் அண்ணன் சொன்னது சரி. எலும்புக் கிராமத்தில் தோண்டினால் சாவி கிடைக்கும், அதை வைத்து மிட்காரின் சேரிப் பக்கம் திரும்ப நுழையலாம். ஏரித்தின் தேவாலயத்துக்கும் போகலாம். நான் அன்றைக்குத் தோண்டவே இல்லை. இருபத்தைந்து வருடமாகத் தவறாக நினைத்திருக்கிறேன். 7-ஐ இறக்கியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

17 மார்ச், சற்று நேரம் கழித்து

அண்ணே, அந்தத் தேவாலயக் காட்சியை இப்போதுதான் வீடியோவில் பார்த்தேன். நன்றி.

20 மார்ச்

8 பற்றிக் கேட்ட தங்கச்சிக்கு. எனக்கு 8 மேல் தீர்ப்புச் சொல்லும் உரிமை பாதிதான், ஏனென்றால் நான் ஆடியது ஜப்பானிய மொழியில். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய வட்டு, நான்கும் ஜப்பானிய மொழி. ஆங்கிலப் பதிப்பு வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. பட்டியலில் தீ மந்திரம் மேலிருந்து எத்தனையாவது, குணமாக்கும் மந்திரம் எத்தனையாவது என்று இடத்தை வைத்தே மனப்பாடம் செய்தோம். அதில் சீட் என்ற படைவீரர்களுக்குச் சம்பளம் உண்டு. எழுத்துத் தேர்வு எழுதித் தேறினால் சம்பளம் கூடும், முப்பது நிலை. ஆம், இல்லை என்று பதில் சொல்லவேண்டும். கேள்வி என்னவென்றே தெரியாது. கிராணி மகன் எங்கிருந்தோ விடைகளை ஒரு கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தான். எங்கள் ஆள் தோட்டத்து மேனேஜரைவிட அதிகச் சம்பளம் வாங்கியிருப்பான்.

பிறகு ஆங்கிலத்தில் ஆடினேன். 8-இல் நீங்கள் வளர வளர எதிரியும் வளர்கிறான். அதனால் அடித்து அடித்து ஏறுவதைவிட, சீட்டாடி அட்டைகளைச் சேர்த்து, அதை மந்திரமாக மாற்றிக் கட்டிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். மொழி தெரியாமல் ஆடியபோது நாங்கள் செய்தது நேர் எதிர். அதனால்தான் அவ்வளவு அடி வாங்கினோம். கதையில் காதல் அவசரமாக வருகிறது, அது இன்றும் என் குறை. ஏவுகணை விழுந்து இடிந்த டிராபியா பள்ளிக்கு, அங்கே படித்த செல்ஃபி என்ற பெண் திரும்பிப் போகும் இடம் மட்டும் என் அளவுகோலில் நிற்கும்.

23 மார்ச்

சரி அக்கா, 6.

முதலில் அடிப்படை. 1994 ஏப்ரல், நிண்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் இயந்திரம். ஆடக்கூடியவர்கள் 14 பேர். தொடரில் அதற்கு முன் இல்லாத அளவு. கெஃப்கா என்ற கோமாளி வேடக்காரன் வில்லன். எல்லா ஆட்டத்திலும் வில்லன் உலகத்தை அழிக்கப் பார்ப்பான், நாம் தடுப்போம். 6-இல் பாதி ஆட்டத்தில் அவன் அழித்தே விடுகிறான். வரைபடமே உடைகிறது. கண்டங்கள் இடம் மாறுகின்றன. கூட இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் சிதறிவிடுகிறார்கள்.

ஒரு வருடம் கழித்து செலஸ் என்ற பெண் ஒரு சின்னத் தீவில் கண் விழிக்கிறாள். தாத்தா மாதிரி அவளை வளர்த்த சிட் மட்டும் இருக்கிறார். அவருக்கு உடம்பு முடியவில்லை. நீங்கள் கடற்கரையில் மீன் பிடித்துக் கொடுக்கவேண்டும்.

நான் இதை பிளேஸ்டேஷன் பதிப்பில் ஆடினேன், மெனு திறக்கவே நேரம் எடுக்கும் அந்தப் பதிப்பு. மெதுவாகப் போகும் மீன்தான் கைக்குச் சுலபமாகக் கிடைத்தது. அதையே பிடித்துப் பிடித்துக் கொடுத்தேன். மெதுவாக நீந்துவது கெட்ட மீன் என்று எனக்குத் தெரியாது. அவர் இறந்துவிட்டார். கதையே அப்படித்தான் என்று நினைத்தேன். செலஸ் மலையுச்சியிலிருந்து குதிக்கிறாள், உயிர் பிழைக்கிறாள், கூட இருந்த லாக் என்பவனின் தலைத்துணி கட்டிய ஒரு பறவையைப் பார்த்து எழுந்து நடக்கிறாள். என் வாழ்க்கையில் ஒரு ஆட்டத்துக்காக அழுதது அங்கேதான்.

வேகமாக ஓடும் மீனைப் பிடித்துக் கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று எனக்குத் தெரிந்தது பத்து வருடம் கழித்து.

பிறகு வருவதுதான் நான் சொல்ல வந்தது. தீவை விட்டு வெளியே வந்தபின், பழைய கூட்டாளிகள் எட்கர், செட்சர் இரண்டு பேரும் கதையோடு சேர்ந்துவிடுவார்கள். வானூர்தி கிடைத்துவிடும். அதோடு நேரே கெஃப்காவின் கோபுரத்துக்குப் போய் ஆட்டத்தை முடிக்கலாம். மூன்று பேர் போதும். மற்றவர்களைத் தேடு என்று ஆட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. தேடினால் கிடைப்பார்கள், தேடாவிட்டால் அவர்கள் அங்கேயே இருப்பார்கள். டெரா, பெரியவர்கள் எல்லாரும் செத்துப்போன மோப்லிஸ் கிராமத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், சண்டைக்கு வரமாட்டேன் என்கிறாள். மனைவியையும் மகனையும் விஷத்துக்குப் பறிகொடுத்த சயன், மலைமேல் ஒளிந்துகொண்டு, மரண்டா ஊரில் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, செத்துப்போன அவள் காதலன் எழுதுவது போலக் கடிதம் எழுதுகிறார். பட்டுப்பூ செய்து கடிதத்தோடு அனுப்புகிறார்.

23 மார்ச், நள்ளிரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை.

எங்கள் தோட்டம் முதலில் பால்மரம், பிறகு செம்பனை, பிறகு தாமான் (வீடமைப்புப் பகுதி). தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை இடித்தபோது நான் வேலைக்குப் போய்விட்டேன். மூலை வீட்டு அண்ணன் சிங்கப்பூரில், தம்பி பாசிர் கூடாங்கில். கிராணி மகன் கோலாலம்பூர். பெரியம்மா மகன் எங்கே என்று இரண்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை. நாங்களும் தேடவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

எங்கள் தாத்தா 1960-இல் மலாயா அமைச்சர் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு கட்டியவர். தோட்டத் துண்டாடல் காலம். பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கிறார்களே, நாமே காசு சேர்த்து வாங்குவோம் என்று கட்டினார்கள். நிலம் போனால் ஆட்கள் சிதறிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் அதைச் சொன்னபோது என் மடியில் மெமரி கார்டு இருந்தது, நான் சரியாகக் கேட்கவில்லை.

6 எனக்கு 9-ஐவிட மேலே போய்விட்டது. இந்த இழையில் 9-க்காகப் பேசத் தொடங்கியவன் எழுதுகிறேன்.

26 மார்ச்

இல்லை, 9-ஐ இறக்கவில்லை. இரண்டும் ஒரே படியில். விவி இருக்கும்வரை அதை இறக்க என்னால் முடியாது.

28 மார்ச்

நோன்பு மாதம். பாசாரில் வாங்கிய முர்தபாக் ஆறுவதற்குள் 12 பற்றி எழுதிவிடுகிறேன்.

2006-இல் வந்தபோது 12 எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டம் தானாக ஆடிக்கொள்கிறது என்று ஒதுக்கிவிட்டேன். காம்பிட் என்று ஒரு பட்டியல்: கூட்டாளியின் உயிர் பாதிக்குக் கீழே போனால் மருந்து போடு, பறக்கும் எதிரியென்றால் மந்திரம் போடு. இப்படி வரிசை எழுதிக் கொடுத்துவிட்டால் ஆட்கள் தாமாகச் செய்வார்கள்.

போன வருடம் புதிய பதிப்பில் மறுபடி ஆடினேன். இந்த முறை சட்டென்று புரிந்தது, இது பெரட்டு, தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பது. விடியற்காலை கங்காணி நின்று, நீ எந்த நிரை, நீ எந்த நிரை, மழை வந்தால் என்ன செய்வது என்று சொல்லி அனுப்புவார். அதன்பின் நாள் முழுவதும் அவர் கூடவே நிற்பதில்லை. காலையில் சொன்னது தப்பாக இருந்தால் மாலையில் தெரியும். 12-இல் தோற்கும்போது குற்றம் விரலில் இல்லை, நாம் எழுதிய வரிசையில் இருக்கிறது. அதைத் திருத்தி எழுதி ஜெயிக்கும்போது வரும் திருப்தி வேறு எந்தப் பாகத்திலும் எனக்கு வந்ததில்லை.

ராபனாஸ்டர் அந்நியப் படை பிடித்து வைத்திருக்கும் நகரம். வான் என்ற அனாதைப் பையன் அங்கே சில்லறை வேலை பார்த்துத் திரிகிறான், அண்ணனைப் போரில் இழந்தவன். அவன் கதாநாயகன் மாதிரி இல்லை என்று எல்லாரும் குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பெரியவர்கள் அரசியல் பேசும் இடத்தில் ஓரமாக நிற்கும் பையன், நாங்களும் அப்படித்தான் நின்றோம்.

பழைய பதிப்பில் ஒன்றை மட்டும் மன்னிக்க மாட்டேன். தொடக்கத்திலிருந்து குறிப்பிட்ட நான்கு பெட்டிகளைத் திறந்துவிட்டால், கடைசியில் அந்தப் பெரிய ஈட்டி கிடைக்காது. எந்தப் பெட்டி என்று ஆட்டத்துக்குள் யாரும் சொல்வதில்லை. பெட்டியைப் பார்த்தால் திறப்பதுதானே மனித இயல்பு?

2 ஏப்ரல்

10 ஒரே நேர்ப்பாதை என்று நான் வேறொரு இடத்தில் எழுதியதை ஒரு தம்பி தேடி எடுத்து ஒட்டியிருக்கிறார். உண்மைதான், எழுதினேன். பாதிக்கு மேல் மாற்றிக்கொள்கிறேன்.

10 பாதைதான், ஏனென்றால் அது யாத்திரை. யூனா என்ற பெண் கோயில் கோயிலாகப் போகிறாள். முடிவில் அவள் உயிர் போகும் என்று கூட நடப்பவர்களுக்கெல்லாம் தெரியும், கதாநாயகன் டீடஸுக்கு மட்டும் தெரியாது. போகிற வழியில் ஊர்க்காரர்கள் அவளை ஆசையாக வழியனுப்பும்போது நாமும் கை தட்டுகிறோம். உண்மை தெரிந்தபின் அந்த ஊர்களை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. சுற்றித் திரிய உலக வரைபடம் கொடுத்திருந்தால் இந்த அடி விழுந்திருக்காது.

அந்த உண்மை வெளிப்படும் இடம் அல் பெட் மக்களின் ஊர். அவர்கள் அதற்கு 'வீடு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சிதறிக் கிடந்த இனம் கூடி வந்து பாலைவனத்தில் கட்டியது. அதை அவர்களே வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் பறக்கவேண்டி வருகிறது. அவர்கள் மொழி எழுத்துக்கு எழுத்து மாற்றிப்போட்ட மொழி. ஆட்டம் முழுக்க 26 பாடநூல்கள் ஒளிந்திருக்கும், ஒன்று எடுத்தால் ஓர் எழுத்து புரியும். வீட்டில் தமிழ், பள்ளிக்கு வெளியே மலாய், வட்டில் ஆங்கிலம் என்று வளர்ந்த எனக்கு, ஒவ்வோர் எழுத்தாக ஒரு கூட்டத்தின் பேச்சு திறப்பது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரண்டாம் முறை ஆடும்போது அந்த எழுத்துகளைக் கொண்டுவரலாம். முதல் முறை ஏசுகிறார்கள் என்று நினைத்த இடத்தில் அவர்கள் உதவி செய்துகொண்டிருந்தார்கள்.

5 ஏப்ரல்

'10-க்குப் பிறகு முடிந்துவிட்டது' என்பதற்குச் சுருக்கமாக. 15-ஐ 2006-இல் வேறு பெயரில் அறிவித்து 2016-இல் கொண்டுவந்தார்கள். ஒட்டுப்போட்ட தையல் தெரியும். ஆனால் நான்கு நண்பர்கள், ஒரு கார், இக்னிஸ் சமைக்கும் சாப்பாடு, ப்ராம்ப்டோ எடுக்கும் புகைப்படம். கடைசிச் சண்டைக்கு முன் அந்தப் படங்களில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். நான் காருக்குப் பெட்ரோல் ஊற்றும் படத்தை எடுத்தேன். நான்கு பேரும் இருந்த படம் அது.

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் 14-ஐ நான் மாதச் சந்தா கட்டிக் கொஞ்சநாள்தான் ஆடினேன். ஆனால் 2010-இல் தோற்றுப்போன ஆட்டத்தை, நிலவு உடைந்து டிராகன் வெளியேறி உலகமே எரிவதாகக் கதையிலேயே அழித்துவிட்டு, 2013-இல் தயாரிப்பாளர் யோஷிதா புதிதாகக் கட்டினார். பழைய உலகத்தில் கடைசி இரவு வரை நின்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இதைப் படித்தால் எழுதுங்கள், எனக்குக் கேட்கவேண்டும்.

16-இல் முகத்தில் சூடுபோட்டு அடிமையாக வைத்த மக்கள் வருகிறார்கள். அவர்களின் மறைவிடத்துக்கு ஒவ்வொரு முறையும் திரும்பி வரும்போது யாராவது ஒருவர் புதிதாக ஏதாவது சொல்வார். சண்டை எனக்கு வேகம் அதிகம், விரல் ஓடவில்லை. அந்த மறைவிடத்துக்காக முடித்தேன்.

11 ஏப்ரல்

நேற்று நோன்புப் பெருநாள் விடுமுறை. பாசிர் கூடாங்கிலிருந்து மூலை வீட்டுத் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். நான் இங்கே எழுதியதையெல்லாம் படித்திருக்கிறான். சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். அந்தச் சாம்பல் கார்டு. காகிதம் மஞ்சளாகிவிட்டது, இரண்டு எழுத்துதான் தெரிகிறது.

அந்தக் கார்டில் பேட்டரி கிடையாது, அதனால் விவரம் அழியாது. ரிப்பேருக்கு வந்து யாரும் எடுக்காமல் கிடந்த ஒரு பிளேஸ்டேஷனில் போட்டோம். 15 கட்டமும் இருந்தன. பெரியம்மா மகனின் 6, மிதக்கும் கண்டத்துக்கு முன்னால். அங்கிருந்து தப்பக் கடிகாரம் ஓடும்போது கடைசி ஐந்து நொடி வரை பொறுத்தால்தான் ஷாடோ என்ற கூட்டாளி ஓடி வந்து சேர்வான். நாங்கள் எல்லாரும் பயந்து முன்னாலேயே குதித்துவிட்டோம், ஷாடோ செத்துப்போனான். பெரியம்மா மகன் மட்டும் நின்றான். ஏன் நின்றாய் என்று அன்று யாரும் அவனைக் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி கிராணி மகனிடம் நம்பர் வாங்கிப் பெரியம்மா மகனைக் கூப்பிட்டோம். கெடாவில் இருக்கிறான். கேட்டேன். "நீதான் குதிச்சே, நான் அவன் வருவான்னு நினைச்சேன்" என்றான்.

19 ஏப்ரல்

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: பையன் 9-ஐ முடித்துவிட்டு, இப்போது 6-இல் உலகம் உடைந்து தீவில் இருக்கிறானாம். நாளுக்கு நாள் சிட் இருமுகிறாராம். எந்த மீன் என்று சொல்லட்டுமா என்று கேட்கிறார்.

சொல்லாதீர்கள் தம்பி. அது அவனுடைய தீவு. தப்பாகப் பிடித்தாலும் அந்தப் பறவை வரும்.

20 ஏப்ரல், இரவு 1.15

தம்பி, இன்னும் விழித்திருந்தால் சொல்லிவிடுங்கள். வேகமாக நீந்தும் மீன். அதை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள், மெதுவாகப் போவது வந்தால் தொடாமல் கரையில் நின்று காத்திருக்கச் சொல்லுங்கள்.